மொட்டைத் தலைக்கு ஒரு போஸ்டர்

பார்கவி: முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு.

கிரண்: குளிருது பார்கவி...

பார்கவி: ஏப்ரல்ல என்னடா குளிரு? கழட்டுடா!

கிரண்: கத்தக் கூடாது, சரியா? ...இந்தா.

பார்கவி: அடப்பாவி! மொட்டையா?

கிரண்: திருப்பதி... டைஃபாய்டு வந்தப்ப அம்மா வேண்டிக்கிட்டாங்கல்ல...

பார்கவி: அது நீ பி.யூ.சி. படிக்கறப்ப! மூணு வருஷமா டிமிக்கி குடுத்தவன், இந்த வாரம்தானா போய் உட்காரணும்? வெள்ளிக்கிழமை நம்ம பாட்டு வீடியோவக் குடுக்கணும்டா. நீதான்டா ஹீரோ!

கிரண்: தெரியும்...

பார்கவி: என்னத்தத் தெரியும்? உன் முடி பறக்கணும்னு அல்சூர் ஏரிக்கரையில காத்துக்காக ரெண்டு நாள் காஞ்சோம். போஸ்டர்லயும் அதே முடி. வீடியோவும் போஸ்டரும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகலன்னா பாஸ் கிடையாதுன்னு மௌரீன் மேடம் சொன்னாங்கல்ல? நான் ஃபெயிலானா எங்கப்பா படிச்சது போதும்னு நிறுத்திடுவாரு.

கிரண்: போஸ்டருக்கு ஒண்ணும் ஆகல. வர்ற வழியில தொம்மலூர்ல நாகேஷண்ணன் பிரஸ்ஸுக்குப் போனேன். ஆரஞ்சும் நீலமும்தான் அடிச்சிருக்காரு. கறுப்பு இன்னும் அடிக்கல. ஸ்கிரீன்ல முடி வர்ற எடத்துல பேப்பர் ஒட்டி அடைச்சிட்டு, எழுத்த மட்டும் அடிக்கிறேன்னுட்டாரு.

பார்கவி: அப்ப தலை?

கிரண்: ஆரஞ்சுல உருண்டையா இருக்கு. சத்தியமா நல்லாயிருக்கு.

பார்கவி: சிரிப்பு காட்டாத. நான் கோவமா இருக்கேன்.

கிரண்: இரு, கேளு. வீடியோவ... முதல்லேர்ந்து திரும்ப எடுத்துடலாம்.

பார்கவி: ...முழுசாவா?

கிரண்: முழுசா. போஸ்டர்ல மொட்டை, வீடியோவுல முடின்னா மேடம் விடுவாங்களா?

பார்கவி: ஆமா... அதுவும் சரிதான். எல்லாம் உன்னாலதானே? மேடம்கிட்ட நீயே போய்ச் சொல்லு.

கிரண்: சொல்லிட்டேன்.

பார்கவி: என்னது?

கிரண்: காலையிலயே காலேஜுக்குப் போய்த் தலையக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சு அவங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சாமி காரியத்துக்கு நான் என்ன சொல்ல முடியும்னு ஒரு வாரம் தள்ளிக் குடுத்துட்டாங்க.

பார்கவி: நெஜமா? ஒரு வாரமா?

கிரண்: அடுத்த வெள்ளி. ...ஏய், எதுக்கு அழற? பிடு குரு, விடு...

பார்கவி: யாரு அழறா? ...ஆமா, அழறேன். மூணு நாளா சோறு எறங்கல கிரண். இப்பத்தான் மூச்சே வருது.

கிரண்: மூணு நாளாவா? நான் இப்பத்தானே தொப்பியக் கழட்டினேன்?

பார்கவி: அதான்... உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்.

கிரண்: வேணாம், விடு...

பார்கவி: குறுக்கப் பேசாத, அப்புறம் எனக்குத் தைரியம் வராது. சனிக்கிழமை எங்க மாமா வீட்டுல கொழந்தைக்குப் பேர் வெச்சாங்க. மாமா பையன் அஷ்வின் கேமரா கேட்டான். உள்ள இருந்த கேசட்ட எடுக்காமலே குடுத்துட்டேன். அவன் நம்ம பாட்டு மேலயே விசேஷத்த எடுத்துட்டான். ஒரு ஷாட் கூட மிச்சமில்ல.

கிரண்: ம்...

பார்கவி: நீ முடியோட வந்திருந்தாலும் குடுக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லடா. அதச் சொல்லாம, பழிய உன் தலையில போட்டுட்டுப் பேசாம இருந்துடலாம்னு பாத்தேன். மன்னிச்சிடு... கோவமா?

கிரண்: கோவமா? அஷ்வின் ஞாயித்துக்கிழமையே வந்து என்கிட்ட அழுதுட்டுப் போனான்... திங்கக்கிழமை விடியறதுக்குள்ள நான்தான் எங்கம்மாவ எழுப்பி, கெளம்பும்மா, திருப்பதிக்குப் போலாம்னேன்.