அரைச் சுற்று

எலக்ட்ரிக் கிட்டாரை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. இது என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் ரிப்பேர் செய்கிற எனக்குத் தெரியும், புதிதாக வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே அதைத்தான் செய்கிறார்கள்.

இந்த ஆஸ்பத்திரி விசாரணைக்கு நீங்கள் மூன்று பேரும் என்னை அழைத்தது என் மனைவியின் காதைப் பற்றிக் கேட்க. இவன் என்ன கிட்டாரில் ஆரம்பிக்கிறான் என்று பார்க்காதீர்கள். அதை மேசையில் கொண்டுவந்து வைத்திருப்பது நீங்கள்தான். என் மச்சினன், அதாவது அவளுடைய தம்பி, அதை உங்களிடம் கொடுத்து என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னது சரிதான். ஆனால் அவன் எதைச் சொன்னாலும் அதில் முக்கால்வாசி கூச்சலாக இருக்கும். விஷயத்தை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் தொழில் வீட்டு முன்னறையில் நடக்கிறது. அங்கே வருகிற கற்றுக்குட்டிகளை நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் கிட்டாரின் கழுத்தில் பூசிவிட்டு, பளபளவென்று இருக்கிறது பாருங்கள் என்று பெருமையாகக் காட்டிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். ஆணியில் கிட்டாரை மாட்டி, கிட்டாரின் மேல் சட்டையை மாட்டி வைத்திருந்தவர் ஒருவர். கேபிளைச் செருகாமலே மூன்று நாள் வாசித்துவிட்டு, சத்தம் செத்துப்போச்சு என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்த வக்கீல் ஒருவர். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்துத் துடையுங்கள், விரல் வேர்வை கம்பியைத் தின்றுவிடும் என்று ஒவ்வொருவரிடமும் தலைபாடாய் அடித்துக்கொள்வேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் துருவேறிய கம்பியோடு வந்து நிற்பார்கள். இவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் இவர்களில் ஒருவரைக்கூட என்னால் மதிக்க முடிந்ததில்லை.

போன வருடம் என் மனைவியும் இந்தக் கும்பலில் சேர்ந்தாள். நாற்பத்தொரு வயதில். உங்கள் பிரசவ வார்டில் பதினேழு வருடமாக நர்ஸ் வேலை பார்த்தவள், ஒரு நாள் டியூட்டி முடிந்து வரும்போது சிவப்புக் கிட்டார் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்க, அதான் சொல்லல" என்றாள். நான் சிரிக்கத்தான் செய்தேன். பார்த்துக்கொள்ளும் முறையை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வெயில் படும் சன்னல் பக்கம் வைக்காதே. சுவரில் சாய்க்காதே, அதற்கென்று இருக்கும் ஸ்டாண்டில் வை. கம்பி மாற்றினால் ஒவ்வொன்றாக மாற்று, ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாதே. எத்தனை நாள் தாங்கும் இந்த ஒழுங்கு, பார்க்கலாம் என்று இருந்தேன்.

அவள் அப்படியே செய்தாள். அதில்தான் எனக்கு முதல் எரிச்சல். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் கிட்டாரைத் தொடுவாள். முடித்ததும் ஒவ்வொரு கம்பியாக, மேலும் கீழும் துடைப்பாள். கம்பி மாற்றிய தேதியை வார்டில் மருந்துப் பாட்டிலில் ஒட்டுவது போல ஒரு பட்டையில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தாள். குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாலே மாதத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், எங்கேயோ கேட்ட பாட்டை விரலால் தேடித் தேடி எடுத்துவிடுவாள். வார்டில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கர்ப்பிணியின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டு, மானிட்டர் சொல்வதற்கு முன்னாலேயே குழந்தையின் துடிப்பு இறங்குவதைச் சொல்லிவிடுவாளாம். அந்தக் கதையை வீட்டில் நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு பல் டாக்டர் தன் கிட்டாரை வாங்கிப் போக வந்திருந்தார். நான் சுருதி சேர்த்து, ஒரு முறை மீட்டிக் காட்டினேன். சமையலறையிலிருந்து என் மனைவி, கையில் கரண்டியோடு, எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "மூணாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்குங்க." பல் டாக்டர் ட்யூனரை, அதாவது சுருதி காட்டும் சின்ன மெஷினை, எடுத்து வைத்துப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. "வீட்டுலயே ஒரு மெஷின் வெச்சிருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு இது?" என்று சொல்லி வாய் கொள்ளாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தன் காதை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்கள் ஆபத்தானவர்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தால்தான் மனிதன் கவனமாக இருப்பான். அவளுக்கு அது இல்லாமலிருந்தது. நான் கொடுத்தேன்.

எப்படி என்று கேட்கிறீர்கள். அந்தக் கிட்டாரின் கீழ்முனையைப் பாருங்கள், கம்பிகள் வந்து உட்காரும் இடத்தில் ஆறு இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் கம்பியின் நீளம் மயிரிழை கூடும், குறையும். அதன் பிறகும் சுருதி சேர்த்து, கழுத்தில் விரல் வைக்காமல் மீட்டி ட்யூனரைப் பார்த்தால் எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரியும். கழுத்தில் விரலை வைத்து அழுத்தி வாசிக்கும்போதுதான் சுரம் விலகும். மேலே போகப் போக இன்னும் விலகும். கற்றுக்குட்டி என்ன செய்வான்? பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, தப்பு தன் மேல் என்று நினைப்பான். நான் ஒரு கம்பிக்கு அரைச் சுற்று முன்னால், அடுத்ததற்கு அரைச் சுற்று பின்னால் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். வக்கீலும் வாத்தியாரும் அதே கிட்டாரில் சந்தோஷமாக வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். நல்ல காது இருக்கிறவர்களை மட்டும்தான் அது வதைக்கும். என் வேலையின் நுணுக்கம் அதில் இருக்கிறது.

இரண்டாம் நாளே வந்துவிட்டாள். "ஏங்க, இது சேரவே மாட்டேங்குது. எங்கயோ இடிக்குது."

"ட்யூனர் பச்சை காட்டுதுல்ல?"

"காட்டுது."

"அப்புறம் என்ன? மெஷின் பொய் சொல்லாது. உன் காதுதான் எங்கயோ மேயுது."

வாரத்துக்கு ஒரு அரைச் சுற்று, அதற்கு மேல் இல்லை. மச்சினன் வரும் நாட்களில் மட்டும் காலையிலேயே எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவேன். அவன் ஏதோ ஒரு குழுவில் வாசிக்கிறவன், வாசிப்பைவிடத் தலைமுடி அதிகம். அவன் கையில் அது ஒழுங்காகப் பேசும். அவளுக்கும் ஒழுங்காகத்தான் கேட்கும். அவன் போன பிறகு மறுநாள் மறுபடியும் இடிக்கும். இப்படியாக, கிட்டாரில் கோளாறு இல்லை, தன் காது ஒரு நாளைப் போல ஒரு நாள் இல்லை என்று அவளே முடிவுக்கு வந்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து அரை மணி நேரம் சோதித்தார்கள். "ரெண்டு காதும் நல்லாத்தான்மா இருக்கு" என்றார் அவர். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "சத்தம் கேக்குதான்னுதான் பார்த்தாங்க. என்ன கேக்குதுன்னு யாரு பார்த்தா?" அதன் பிறகு வீடு வரும்வரை அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கிட்டாரைத் தொடுவது குறைந்தது. துடைப்பது மட்டும் குறையவில்லை. வாசிக்காத கிட்டாரைத் தினமும் எடுத்துத் துடைத்து வைப்பாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அந்தக் காலத்தில் அவளிடம் ஒரு பணிவு வந்தது. நான் சொல்வதைக் கேட்பாள். "எனக்குச் சரியா தெரியல, நீங்களே பாருங்க" என்பாள். பால் பொங்குகிறதா, வாசலில் மணி அடித்ததா, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பாள். இருபது வருடக் குடித்தனத்தில் எங்கள் வீடு அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

இப்போது உங்கள் வார்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்று வார்டில் வலி எடுத்துப் படுத்திருந்த பெண்ணுக்கு அது முதல் பிரசவம். என் மனைவி வயிற்றில் குழலை வைத்துக் கேட்டிருக்கிறாள். மதியம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எனக்குக் கேட்டுச்சுங்க. நூத்திப் பத்துக்கு மேல இருக்க வேண்டிய குழந்தைத் துடிப்பு, எண்பதுக்குக் கீழ. தயங்கித் தயங்கி அடிச்சுது. நிமிந்து பார்த்தா மானிட்டர் நூத்தி முப்பதுன்னு காட்டுது. மெஷின் பொய் சொல்லாது, என் காதுதானே சரியில்லைன்னு விட்டுட்டேன். டாக்டரைக் கூப்பிடல. இருபது நிமிஷம் கூப்பிடல."

குழந்தை இறந்துதான் பிறந்தது. அந்த மானிட்டர் தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டு அதையே குழந்தையின் துடிப்பாகக் காட்டியது என்று சற்று முன்னால் நீங்கள் சொன்னீர்கள். அன்று எனக்கு அது தெரியாது. ஆனால் அவள் சொன்னதுமே, அவள் கேட்டது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் தண்ணீர் கொடுத்தேன். படுக்க வைத்தேன். முன்னறைக்குப் போய் இரண்டாவது கம்பிக்கு இன்னொரு அரைச் சுற்று கொடுத்தேன். அந்த நேரத்தில் கிட்டார் சரியாகிவிட்டால் அவள் குழம்பிப்போவாள் அல்லவா?

டாக்டர் அம்மா, நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

மச்சினன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது அடுத்த வாரம். அவள் உள்ளே படுத்திருந்தாள். அவன் கிட்டாரை எடுத்து மீட்டினான், முகத்தைச் சுளித்தான், ட்யூனரை மாட்டி ஒவ்வொரு கம்பியாக நடுக்கழுத்தில் அழுத்திப் பார்த்தான். பிறகு அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தான். "ஸ்க்ரூல புதுக் கீறல் இருக்கு. யாரு மாமா தொட்டது?" என்றான். இந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்றேன். அக்காவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான். அவனுடைய வீரம் அவ்வளவுதான்.

ஆமாம், நான் செய்தேன். ஆறு ஸ்க்ரூவையும் நான்தான் திருகினேன், பதினோரு மாதம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் காதில் ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அந்தக் குழந்தைக்காக என் மேல் என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிடுவீர்கள். வந்ததும், அன்று தனக்குக் கேட்டது சரிதானா என்றுதான் கேட்பாள். தூக்கத்தில்கூட அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து சொல்லாதீர்கள். இப்போது அவளுக்கு, காது கெட்டுப்போன ஒருத்தி தெரியாமல் செய்த தப்பு அது. நீங்கள் சொல்லிவிட்டால், சரியாகக் கேட்டும் கைவிட்டவள் ஆகிவிடுவாள். அதை எப்படித் தாங்குவாள்? அந்தச் சுமை அவள் தலையில் விழாமல் இத்தனை நாள் நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கட்டிய புருஷன் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? அவள் நல்லதற்காகத்தான் கேட்கிறேன்.

அதுவும் போக, தன் காது சரியாகத்தான் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், அதன் பிறகு அவளுக்கு நான் எதற்கு?