வாசலிலிருந்து லிஃப்ட் வரை

– ஆறு மாடியும் படியேறியா வந்தீங்க மேடம்? கீழேருந்து ஒரு குரல் கொடுத்திருந்தா லிஃப்டை அனுப்பியிருப்பேனே.

– இருங்க அண்ணே, மூச்சு வந்துடட்டும். எனக்கும் லிஃப்டுக்கும் ஆகாது. கதவு சாத்தினாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

– ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிட்ட சொல்ற பேச்சா இது? இருபத்தாறு வருஷ சர்வீஸ் மேடம். என் லிஃப்ட் இதுவரைக்கும் யாரையும் முழுங்கினதில்ல.

– முழுங்கலைன்னாலும் ரெண்டு கடி கடிக்கும்ல?

– ஹா! கோர்ட்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களா?

– அங்க இன்னும் மோசமாப் பேசுவேன். நாளைக்குத்தான் பாக்கப் போறீங்களே. நீங்க அரசுத் தரப்புல பன்னெண்டாவது சாட்சி. முறைப்படி பாத்தா உங்களோட நான் பேசவே கூடாது. இடத்தைப் பாக்க வந்தேன், நீங்க இருப்பீங்கன்னு நினைக்கல.

– மாசாமாசம் சர்வீஸ் மேடம், இன்னைக்குத்தான் முறை. நான்பாட்டுக்குக் கதவுக்கு எண்ணெய் போடுறேன். நீங்கபாட்டுக்குப் பாருங்க. யாரும் யாரோடயும் பேசல.

– அப்படியே ஆகட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…

– என்ன எண்ணுறீங்க?

– பேசலைன்னு சொன்னீங்களே! டீச்சர் வீட்டு வாசல்லேருந்து லிஃப்டுக்கு எத்தனை எட்டுன்னு பாக்குறேன். இருங்க… பதினாலு.

– எனக்குப் பதினொண்ணுதான் வரும்.

– உங்க உயரத்துக்கு வரும். டீச்சர் என்னைவிடக் குள்ளம்.

– அந்தப் பாட்டு டீச்சர் கேஸை நீங்கதான் நடத்துறீங்கன்னு தெரியும். பேப்பர்ல போட்டோ பாத்தேன். போட்டோவுல கொஞ்சம் கோவமா இருந்தீங்க.

– மூணு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சுட்டு எடுத்தாங்க. டீச்சர்தான் பக்கத்துல அமைதியா நின்னாங்க. கொலைக் கேஸ் அவங்க மேலயா என் மேலயான்னு பாத்தவங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

– செத்துப்போன அவங்க வீட்டுக்காரரையும் எனக்கு நல்லாத் தெரியும் மேடம். கார் ஷோரூம்ல மேனேஜர். லிஃப்ட்ல அவரை மாதிரி ஒரு மனுஷனைப் பாக்க முடியாது. யார் ஏறினாலும் ‘எத்தனாவது மாடி?’ன்னு கேட்டு அவரே பட்டனை அமுக்கி விடுவாரு. பெரியவங்கன்னா பையை வாங்கிக் கையில வச்சுப்பாரு.

– ஐயோ, நீங்களுமா? இதுவரைக்கும் நாலு சாட்சி இதையே சொல்லியாச்சு. ஜட்ஜுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்.

– டீச்சரைப் பத்தியும் சொல்லுவேன். லிஃப்டுக்குள்ள கண்ணாடி இருக்கு பாருங்க. ஆணோ பொண்ணோ அதைப் பாக்காம இறங்கின ஆளே கிடையாது. முடியைக் கோதுவாங்க, பல்லைப் பாப்பாங்க, வயித்தை உள்ள இழுப்பாங்க. டீச்சர் மட்டும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பாங்க. கழுத்து வரைக்கும் துப்பட்டா. எந்த வெயிலா இருந்தாலும்.

– இதை நாளைக்குச் சொல்வீங்களா?

– கேட்டாச் சொல்றேன். என்கிட்ட யார் கேப்பா?

– நான் கேப்பேன். சும்மா விடுவேனா?

– மேடம், ஒரு சந்தேகம். ‘அடிச்சது நான்தான்’னு டீச்சரே ஒத்துக்கிட்டாங்களாம். அப்புறம் எதுக்கு என்னை எல்லாம் கூப்பிட்டு அலைக்கழிக்கிறாங்க? நாளைக்கு எந்தச் சட்டை போடுறதுன்னு என் பொண்டாட்டி ஒரு வாரமா மண்டையை உடைச்சிட்டிருக்கா.

– அடிச்சது யாருங்கிறதுல சண்டையே இல்ல அண்ணே. ஏன் அடிச்சாங்கங்கிறதுலதான் சண்டை. அன்னைக்கு மத்தியானம் மூணே கால் வாக்குல, அவர் பெல்ட்டைக் கழட்டி டீச்சர் கழுத்தைச் சுத்தி இறுக்கியிருக்காரு. அவங்க எப்படியோ திமிறிட்டு வெளிய ஓடி வந்துட்டாங்க. இதோ, நீங்க நிக்கிற இடம் வரைக்கும்.

– பெல்ட்டா?

– கழுத்துல தடம் இருந்தது. ‘இருந்தது, ஆனா எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாது’ன்னு டாக்டர் நழுவிட்டாரு. அடுத்து எதிர் வீட்டு ஐயா சாட்சி. கதவு ஓட்டை வழியாப் பாத்தாராம். ‘அந்தம்மா லிஃப்ட்கிட்ட கொஞ்ச நேரம் நின்னாங்க, வீட்டுக்காரர் வந்தாரு, ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு உள்ள போனாங்க’ன்னு சொல்றாரு.

– கையைக் கோத்துக்கிட்டா?

– மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார்னு டீச்சர் சொல்றாங்க. அந்த ஐயாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. கோர்ட்டுல என்னையே ‘சொல்லுங்க சார்’னுதான் கூப்பிட்டாரு. ஆனா அந்த ஓட்டை வழியாப் பாத்தா மட்டும் எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம்!

– ஹா ஹா… பாவம், நல்ல மனுஷன் மேடம்.

– எல்லாரும் நல்ல மனுஷங்கதான். உள்ள போன அஞ்சாவது நிமிஷம், இஸ்திரிப் பெட்டி அவர் பின்மண்டையில விழுந்துச்சு. ‘திரும்ப இறுக்க வந்தாரு, கீழ விழுந்த பெல்ட்டை எடுக்கக் குனிஞ்சாரு, அந்த நொடியில கையில கிடைச்சதை எடுத்து அடிச்சேன்’னு டீச்சர் சொல்றாங்க. ‘முதுகைக் காட்டிட்டு நின்ன ஆளை அடிச்சுட்டாங்க’ன்னு அரசு வக்கீல் சொல்றாரு.

– இதுல லிஃப்ட் எங்க வருது?

– லிஃப்ட்தான் கேஸே. ‘உயிருக்குப் பயந்து ஓடி வந்தவங்க லிஃப்ட்ல ஏறிக் கீழ போயிருக்கலாமே! ஏன் போகல? அப்பவே முடிவு பண்ணிட்டாங்க’ன்னு அரசு வக்கீல் கேப்பாரு. கேட்டுட்டு உடனே உக்கார மாட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. மொத்தக் கோர்ட்டும் அவர் துடைச்சு முடிக்கிற வரைக்கும் டீச்சரையே பாக்கும்.

– படியில இறங்கியிருக்கலாம்ல?

– படி அந்தக் கோடியில. அங்க போகணும்னா சொந்த வீட்டு வாசலைத் தாண்டணும். வாசல்ல அவர் நிக்கிறாரு.

– அதுவும் சரிதான்.

– டீச்சர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். ‘பட்டனை அமுக்கினேன், லிஃப்ட் வரல.’ ஸ்டேஷன்ல அதையே சொன்னாங்க, என்கிட்ட அதையே சொன்னாங்க, கூண்டுல நின்னும் அதையே சொன்னாங்க. ஆனா உங்க சர்வீஸ் நோட்டுல என்ன எழுதியிருக்கு? ‘மூணு பத்துக்கு வேலை முடிந்தது, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது.’ கீழ உங்க கையெழுத்து. நாலு மணிக்குப் போலீஸ்காரங்களே அதுலதான் ஏறி வந்திருக்காங்க.

– ஆமா. என் கையெழுத்துதான்.

– எழுத்து வேற முத்து முத்தா இருக்கு. கொஞ்சம் கிறுக்கலா இருந்தாலாவது அது பத்தா நாப்பதான்னு ரெண்டு நாள் வாதாடியிருப்பேன்.

– நான் எண்ணெய் போடுறேன் மேடம். நேரமாகுது.

– கோவிச்சுக்காதீங்க. இந்த லிஃப்ட் எப்பவாச்சும் மக்கர் பண்ணுமா? அதை மட்டும் சொல்லுங்க.

– இது பண்ணாது.

– கரண்டும் அன்னைக்குப் போகல. விசாரிச்சுட்டேன். போச்சு, கடைசிக் கதவும் சாத்தியாச்சு.

– தீர்ப்பு எதிரா வந்தா டீச்சருக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?

– ஆயுள்.

– ஆயுள்னா, நன்னடத்தை அது இதுன்னு ஒரு ஏழெட்டு வருஷத்துல…

– ஆயுள்னா ஆயுள்தான் அண்ணே. அதுல என்ன பேரம்?

– பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்குல்ல? நான் பெட்டியைத் திறந்தாப் போதும், ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு ஓடும். வாயாடி.

– ஒம்பது வயசு. இப்ப சித்தி வீட்டுல இருக்கா. வாயெல்லாம் குறைஞ்சு போச்சு. போன வாரம் என்கிட்ட, ‘ஆன்ட்டி, அம்மா ஏன் லிஃப்ட்ல ஏறல?’ன்னு கேட்டா.

– என்ன சொன்னீங்க?

– லிஃப்ட் வரலைன்னு சொன்னேன். மனசாரச் சொல்லல. நானே நம்பல அண்ணே. பயத்துல டீச்சர் பட்டனையே அமுக்கியிருக்க மாட்டாங்க, அமுக்கினதா நினைச்சுக்கிறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

– அமுக்கினாங்க.

– என்ன சொன்னீங்க?

– ஒரு லிஃப்டுக்கு ஒரு மணி நேரம்தான்னு எங்க கம்பெனியில சட்டம் மேடம். தாண்டினா மெமோ. மூணு மெமோ வாங்கினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு. அதனால எப்ப முடிச்சாலும் நோட்டுல ஒரு மணி நேரம்னுதான் எழுதுவேன்.

– அன்னைக்கு எப்ப முடிச்சீங்க?

– மூணே முக்கால்.

– வேலை நடக்குதுன்னு ஒவ்வொரு மாடியிலயும் போர்டு வைக்கணுமே?

– கீழ மட்டும் ஒண்ணு வச்சேன். மாடி மாடியா எவன் ஏறி இறங்குறதுன்னு விட்டுட்டேன்.

– மூணே காலுக்கு எங்க இருந்தீங்க?

– மொட்டை மாடி மெஷின் ரூம்ல. லிஃப்டை நிறுத்தி வச்சுட்டு மச்சானோட போன்ல பேசிட்டிருந்தேன். அவன் பைக் வாங்கப் போறான், நீலமா கருப்பான்னு அரை மணி நேரமா ஒரே பேச்சு.

– அண்ணே, இதைக் கூண்டுல ஏறிச் சொன்னா உங்க வேலை போயிடும். பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டதுக்குக் கேஸும் வரலாம்.

– தெரியும் மேடம். எட்டு மாசமாத் தெரியும்.

– வேற யாராச்சும் இதுக்குச் சாட்சி இருக்காங்களா?

– மச்சான் இருக்கான். அவனுக்கு இது எதுக்குன்னு இன்னும் தெரியாது.

– சரி. லிஃப்ட் நின்னிருந்ததுன்னு நீங்க சொல்லலாம். ஆனா டீச்சர் பட்டனை அமுக்கினாங்கன்னு மொட்டை மாடியில இருந்த உங்களுக்கு எப்படித் தெரியும்? அரசு வக்கீலோட முதல் கேள்வி அதுதான்.

– மெஷின் ரூம் பேனல்ல மாடிக்கு ஒரு சின்ன விளக்கு இருக்கு மேடம். லிஃப்ட் நின்னிருந்தாலும், கீழ யாராச்சும் பட்டனை அமுக்கினா அது மினுக்குன்னு எரிஞ்சு அணையும். அன்னைக்கு ஆறாவது விளக்கு பத்தொம்பது தடவை எரிஞ்சுது. ‘எவனுக்கோ ரொம்ப அவசரம்டா’ன்னு மச்சான்கிட்ட சொன்னேன், போன்லயே ரெண்டு பேரும் சேர்ந்துதான் எண்ணிச் சிரிச்சோம்.