புளூட்டோவின் தடப் பிரச்சனை

பல்லடம் பஸ் சிங்காநல்லூரில் கிளம்பாமல் நின்றது. முன் சீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர், பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்:

“ஏனுங்க, புளூட்டோவுக்கும் நம்மளாட்டத் தடப் பிரச்சனைதானுங்க.”

“அது கெரகமல்லோ?”

“கெரகமா இருந்துச்சுங்க. சூரியனைச் சுத்துது, உருண்டையாவும் இருக்குது. ஆனா அது போற தடத்துல கண்டதெல்லாம் கெடக்குது. கெரகம்னா, பக்கத்துல வாரதை இழுத்துக்கோணும், இல்லீன்னா தூக்கியெறிஞ்சு தடத்தைக் காலி பண்ணோணும். புளூட்டோவுக்கு அந்தத் தெம்பு இல்லீன்னு குறுங்கோளாக்கிப்போட்டாங்க.”

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம தோட்டத்துத் தடத்துல பெரியப்பன் மவன் டிராக்டரை நிறுத்தி மூணு மாசமாச்சு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடறேன்.”

போனை எடுத்தார்.

“ஏனுங்ணா, தடத்துல நிக்கற டிராக்டரை இன்னைக்கே எடுத்துப்போடோணுங்க!... ஓ, டிரெய்லரும் வாங்கிட்டீங்களா?... செரிங்ணா, செரிங்ணா. அதையும் அங்கியே நிறுத்திக்கோங்ணா.”

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அவர் தொப்பையைப் பார்த்தார்.

“உருண்டையா இருந்தா மட்டும் பத்தாதுங்க.”