விரிச்சா எந்திரிக்கிற வீடு

— மூணாவது அட்டையும் நாசமா, ஹவில்தாரய்யா?

— நாசமில்ல முனீசு. வீடு லேசா சாஞ்சுட்டு.

— லேசாவா? சாராயம் குடிச்சவன் மாதிரி கிடக்கு. பட்டாளத்துல துப்பாக்கி பிடிச்ச கை, ஒரு கத்தரிக்கோலுக்குத் தோத்துக் கிடக்கு!

— ஏட்டி, செத்த நேரம் சும்மா இரேன். யூடியூப்ல அந்தப் பிள்ளை என்ன சொல்லுது? அட்டைய ரெண்டா மடிக்கணும். மடிப்புல ரெண்டு வெட்டு. நடுத்துண்ட உள்ள தள்ளணும். விரிச்சா அது படிக்கட்டு மாதிரி எந்திரிச்சு நிக்கும். அதுல வீட்ட ஒட்டிரணும். அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தானாம்! போன அட்டைய மடிப்புலயே பசையப் பூசி, விரிக்கவே முடியாம ஒட்டி வச்சீங்களே. கடையில விக்கிறத வாங்கிக் குடுத்தா கெளரவம் கொறஞ்சிருமோ?

— கடை அட்டையில நம்ம வீடு இருக்குமா?

— ஆமா, நம்ம வீட்டக் காணாமத்தான் உங்க மக ஏங்கிக் கிடக்கா! நமக்குச் சொல்லாம ரிஜிஸ்டர் ஆபீசுல நின்னு மாலை மாத்துனாளே, அப்ப இந்த வீடு ஞாபகம் வரலையோ?

— ரெண்டு வருசம் ஆச்சுட்டி. நாளைக்குச் செல்விக்குப் பொறந்தநாளு.

— ஊருக்கே சொல்லுங்க. மைக் செட்டு போடுங்க. அது கெடக்கட்டும், என்ன அட்டை இது, இம்புட்டுக் கனமா? பின்னால தங்கக் கலருல பிள்ளையாரு... இருங்க. இது அவ கல்யாணப் பத்திரிகையில்ல?

— ஆமா.

— எங்கண்ணன் மகன் வினோத்துக்கும் அவளுக்கும் அடிச்சது! பீரோவுல பூட்டில்ல வச்சிருந்தேன்!

— கட்டுப் பிரிக்காமக் கிடந்துச்சு. உள்பக்கம் வெள்ளை, நல்ல அட்டை. வினோத்துக்கு வேற எடத்துல கல்யாணமாகி, பிள்ளையும் பொறந்தாச்சு. நீ யாருக்கு இத வைக்கப் போற?

— எல்லாருக்கும் எல்லாம் ஆச்சு. எங்கண்ணன் மட்டும் இன்னைக்கும் என்னக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போறான். கூடப்பொறந்தவன் வீட்டு வாசல எனக்கு அடச்சவ அவ. அவளுக்கு நீங்க வாசல் வச்ச வீடா வெட்டிக் குடுங்க. கதவு தொறக்குமா?

— தொறக்கும். பாரு.

— அடேயப்பா! பிளவக்கல் அணை மதகு தோத்துச்சு போங்க. இத தபால்ல போடுவீங்களாக்கும்?

— இல்ல. காலையில ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுறேன். நானே கையில குடுக்கப் போறேன்.

— நீங்க அந்த வாசப்படிய மிதிச்சா அய்யனார் கோவில் அருவியில விழுவேன்னு சொன்னேனே. மறந்துபோச்சா?

— மறக்கல. அருவியில தண்ணி வரட்டும்னுதான நீயும் காத்திருக்க? இப்ப விழுந்தா முட்டிதான் பேந்துரும்.

— பேச்சப் பாரு!

— காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வந்தவன் முனீசு நானு. ராஜபாளையத்துல இருந்து அரை மணி நேரம் பஸ்ல போறதுக்கு ரெண்டு வருசம் பயந்து கிடந்தேன். போதும். நீ விழுகுறதுன்னா விழு. நான் போறேன்.

— சரி, அட்டையில வீட்டு முன்னால நிக்கிற கும்பல் யாரு? வெள்ளைக் கோட்டுக்காரன்?

— மாப்பிள்ளை பெலிக்ஸு. லேப்புல அந்தக் கோட்டுதான போடுதான்.

— ஊரார் ரத்தத்தக் குத்தி எடுக்கவன், நம்ம வீட்டு ரத்தத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான். பக்கத்துல அவளா? பாவாடைய இம்புட்டு ஒசரமா வெட்டியிருக்கீங்க. இந்த ஒல்லிக்குச்சி?

— நானு.

— தொப்பைய எந்த ஊர்ல எறக்கி வச்சீங்க? நாலு காலோட இது?

— நம்ம மணி. அவ சோறு வச்சு வளத்த நாயில்ல?

— நாய்க்கும் எடம் இருக்கு. வாலக்கூட விடாம வெட்டியிருக்கீங்க.

— ம்.

— நான் எங்க?

— என் மூஞ்சி அவ கண்ணுலயே படாதுன்னு நீதான சத்தியம் பண்ணுன? ஒன்ன எப்படி ஒட்டுறது? ஒன் வாக்க நான் ஏன் ஒடைக்கணும்? என்னட்டி, கண்ணத் தொடைக்கிற?

— இந்தப் பசை நாத்தம் கண்ணக் கரிக்கி. எடம் எதுவும் மிச்சமிருக்கா?

— அவ பக்கத்துல ஒரு வெரல் அகலம் கிடக்கு. ஏன்? வெட்டட்டுமா?

— நீங்க ஒண்ணும் வெட்ட வேண்டாம். இங்க குடுங்க கத்தரிக்கோல. நீங்க வெட்டுனா எம்பிள்ளைக்கு என் மூஞ்சி அடையாளம் தெரியாது.