எல்ஸ்டர்லையின் ஒரே பீப்பாய்

ரோஸ்விதா: ...பேர் போட வேணாம்னா என்ன அர்த்தம்? லேபிள் அச்சடிக்கிறவர் பன்னெண்டு மணிக்குப் போன் பண்ணுவார். அவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?

எல்மார்: ரீஸ்லிங் ஒயின். ஊர் பேரு. வருஷம். போதும்.

ரோஸ்விதா: எல்ஸ்டர்லைன்னு போடாம?

எல்மார்: போடாம.

ரோஸ்விதா: ஏம்ப்பா, உனக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா? முந்நூத்திப் பன்னெண்டு படி அந்தத் திராட்சைச் சரிவுக்கு. நின்னா கால் வழுக்கும். மழை அடிச்சுட்டு வந்த நீலக்கல்லையெல்லாம் ஆளுக்கொரு கூடை முதுகுல கட்டி, திரும்ப மேல கொண்டுபோய்க் கொட்டினோமே... எதுக்கு? வெறும் ஊர் பேரு போடவா?

எல்மார்: கத்தாத ரோஸி. நிலவறைல எதிரொலிக்குது.

ரோஸ்விதா: ஒலிக்கட்டும்! ஆத்தோரக் கொடி முழுக்கப் பனியில கருகிப் போச்சு. மிஞ்சினது ரெண்டே பீப்பா. கிர்ஷ்வாண்ட் ஒண்ணு, எல்ஸ்டர்லை ஒண்ணு.

எல்மார்: கிர்ஷ்வாண்டுக்குப் பேரு போட்டுக்க. அந்தச் சரிவோட செவப்புக்கல்லு ஒயினு இந்த வருஷம் நல்லா வந்திருக்கு.

ரோஸ்விதா: நீலக்கல்லு நல்லா வரலையா?

எல்மார்: வரலைன்னு யாரு சொன்னா...

ரோஸ்விதா: அப்ப இந்தா கிளாஸ். மூடியை எடு. மோந்து பாத்துச் சொல்லு.

எல்மார்: இப்பதான் காபி குடிச்சேன்.

ரோஸ்விதா: பொண்ணு கேக்க வந்தன்னைக்குக் காபியும் கேக்குமா தின்னுட்டு, வரிசையா பத்து கிளாஸை மோந்து, எது எந்தச் சரிவுன்னு எங்கப்பாகிட்ட ஒப்பிச்ச ஆளு நீ. மோந்து பாருன்னா பாரு.

எல்மார்: ம்... எல்ஸ்டர்லைதான். எலுமிச்சம் பழத்தோலு... பச்சை ஆப்பிளு... பின்னாடி மழை பேஞ்ச கல்லு வாசம்.

ரோஸ்விதா: அப்புறம்?

எல்மார்: அப்புறம் என்ன... லேசா உப்பு. அவ்வளவுதான்.

ரோஸ்விதா: எல்மார்... அது வெள்ளரிக்கா ஊறுகாய்த் தண்ணி.

எல்மார்: என்னது?

ரோஸ்விதா: ஊறுகாய் ஜாடியிலேருந்து ஊத்திட்டு வந்தேன்.

எல்மார்: அடிப்பாவி! நிலவறைக்குள்ள வினிகரா? சாலட் தின்ன வாயைக் கழுவாம எங்க தாத்தா ஒருத்தரையும் உள்ள விட்டதில்ல, தெரியுமா? அந்தப் புளிப்பு பீப்பாவுக்குத் தொத்திக்கிட்டா?

ரோஸ்விதா: இந்தா, மூடிட்டேன். படியில வச்சிட்டேன். பேச்சை மாத்தாத. எப்பலேருந்து?

எல்மார்: எது எப்பலேருந்து?

ரோஸ்விதா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. அன்னைக்கு அடுப்புல உருளைக்கிழங்கு கருகி வீடே புகையாப் போச்சு. நீ பக்கத்துல உக்காந்து நிம்மதியா பேப்பர் படிச்சிட்டிருந்த.

எல்மார்: ...பிப்ரவரி. கார்னிவல் முடிஞ்சு ஒரு காய்ச்சல் வந்துச்சே... காய்ச்சல் போச்சு. மூக்கு திரும்பி வரல.

ரோஸ்விதா: டாக்டர்கிட்ட...

எல்மார்: காட்டினேன். வரலாம், வராமலும் போகலாம்னாரு.

ரோஸ்விதா: டாக்டர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்ல வாய் வரல.

எல்மார்: பயமா இருந்துச்சு ரோஸி. காலையில நீ எந்திரிச்சுப் போனதும் உன் தலையணையை எடுத்து மோந்து பாப்பேன். இன்னைக்காவது வருதான்னு. ஒண்ணும் வராது... என்ன, அழறியா?

ரோஸ்விதா: நான் ஏன் அழறேன்? ஊறுகாய்த் தண்ணி கண்ணுல பட்டுருச்சு... சரி, மூக்கு போனா போகுது. எல்ஸ்டர்லை பேரை எதுக்கு எடுக்கச் சொல்ற? பீப்பா என்ன பாவம் பண்ணுச்சு?

எல்மார்: பீப்பா பண்ணல. நான் பண்ணினேன்.

ரோஸ்விதா: என்ன பண்ணின?

எல்மார்: சனிக்கிழமை சனிக்கிழமை பீப்பா நிரப்புறேன்ல... மரம் குடிச்சுக் குறைஞ்சதுக்கு, அதே சரிவு ஒயினை ஜாடியிலேருந்து ஊத்துவேன்ல...

ரோஸ்விதா: எனக்கே பாடம் எடுக்காத. மேல சொல்லு.

எல்மார்: மூணு வாரம் முன்னாடி வியாழக்கிழமை அலமாரியைக் கழுவினேன். ரெண்டு சரிவு ஒயின் ஜாடி கழுத்துலயும் இருந்த சீட்டு நனைஞ்சு விழுந்துருச்சு. எது எதுன்னு மோந்து பாத்தேன். என்னத்தைப் பாத்தேன்! நாக்குலயும் வெறும் புளிப்புதான். ரெண்டும் ஒரே மாதிரி. குத்துமதிப்பா புதுச் சீட்டு எழுதிக் கட்டிட்டேன்.

ரோஸ்விதா: ம்.

எல்மார்: நேத்துதான் கவனிச்சேன். எல்ஸ்டர்லைன்னு கட்டினது, அடியில சில்லு பேந்த ஜாடி. அது கிர்ஷ்வாண்ட் ஜாடி! டிசம்பர்ல அதை இடிச்சதே நான்தான். மூணு சனிக்கிழமை ரோஸி... நீலக்கல்லு பீப்பாவுல செவப்புக்கல்லு ஒயினை என் கையாலயே ஊத்தியிருக்கேன்.

ரோஸ்விதா: எவ்வளவு இருக்கும்? ஆறு லிட்டரு? ஆயிரத்துல ஆறு. சட்டமே அதைக் கண்டுக்காது.

எல்மார்: சட்டம் கண்டுக்காது. எனக்கு உறுத்துமே! நம்ம வீட்டு பாட்டில்ல எல்ஸ்டர்லைன்னு இருந்தா ஒரு சொட்டு வேற கல்லு ஒயினு இருக்காதுன்னுதானே வாங்குறாங்க?

ரோஸ்விதா: ஆறு லிட்டருக்கா இப்படி உடைஞ்சு போற?

எல்மார்: ஆறு லிட்டருக்கு இல்ல. அதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாதவன் இங்க எதுக்கு? இந்த வருஷத்தோட நிறுத்திக்கறேன். சரிவைக் குத்தகைக்கு விட்டுரலாம். மேல்வீட்டு யோர்க் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்.

ரோஸ்விதா: யோர்க்கா? அவன் கை பட்டா வேர் விட்ட செடியே சாயும். போய் வாயைக் கழுவு! பன்னெண்டு மணிக்குப் போன் வரட்டும், எல்ஸ்டர்லைன்னு கொட்டை எழுத்துல போடச் சொல்றேன். அந்தப் பீப்பாவுல ஒரு சொட்டு செவப்புக்கல்லு கிடையாது.

எல்மார்: ஆறுதல் சொல்லாத ரோஸி...

ரோஸ்விதா: ஆறுதலும் இல்ல, தேறுதலும் இல்ல. நீ சீட்டுக் கட்டின மறுநாள், வெள்ளிக்கிழமை, நீ டவுனுக்குப் போனியே, அப்ப புதுச் சீட்டைப் பாத்துட்டு ரெண்டு ஜாடியையும் திறந்து பாத்தேன். மாத்திக் கட்டியிருந்த. சரின்னு பெரிய சூப் பானையை நல்லாத் தேச்சுக் கழுவி...

எல்மார்: சூப் பானையா!

ரோஸ்விதா: குறுக்கப் பேசாத. ஒண்ணைக் குழாய் போட்டுப் பானையில இறக்கினேன். இன்னொண்ணை அந்தக் காலி ஜாடிக்கு மாத்தினேன். பானையில இருந்ததை மத்த ஜாடியில ஊத்தினேன். நீ சனிக்கிழமை ஊத்தினது அசல் எல்ஸ்டர்லை. அடுத்த ரெண்டு வாரமும் அதேதான்.

எல்மார்: அடிப் பைத்தியக்காரி, சீட்டை அவுத்து மாத்திக் கட்டினா முடிஞ்சுதே?

ரோஸ்விதா: திராட்சைக் கொடி கட்டுற முடிச்சுல்ல போட்டிருந்த. அது எனக்கு இந்த ஜென்மத்துல வராது. அவுத்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்ப. நீயா வந்து சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். இன்னைக்குப் போன் வருதேன்னுதான்...

எல்மார்: இரு, இரு... சீட்டு மாறியிருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? சில்லைப் பாத்தியா?

ரோஸ்விதா: எந்தச் சில்லு? இப்ப நீ சொல்லித்தான் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியும்.

எல்மார்: பின்ன?

ரோஸ்விதா: மோந்து பாத்தேன்.

எல்மார்: நீயா? இருபத்தாறு வருஷமா கிளாஸ் கிளாஸா நீட்டியிருக்கேன்... "எனக்கு எல்லாம் ஒண்ணுதான், நீயே சொல்லு"ன்னுதானே சொல்லுவ?

ரோஸ்விதா: சொன்னேன். முதல் கிளாஸ்லேருந்தே எனக்குத் தெரியும் எல்மார். நீ கண்ணை மூடிக்கிட்டு, மூக்கை உள்ள விட்டு, "ரோஸி, இது மேல் வரிசை, சாயங்கால வெயில் பட்டது"ன்னு எனக்குச் சொல்லிக் குடுப்ப பாரு... அந்த முகத்தைப் பாக்கணும்னுதான் தெரியாது தெரியாதுன்னேன்.