காலி மிக்சி

— ஃப்ளாஸ்க்கை அங்க வச்சிட்டு பாப்பாவை வாங்கிக்கங்கக்கா. ஆனா பதில் சொல்லாம உங்களை விடமாட்டேன். அன்னைக்கு எதுக்கு என் வீட்டுக் கதவை அந்தத் தட்டு தட்டினீங்க?

— பக்கத்து வீடாச்சே, சர்க்கரை கேக்கத்தான். மூக்கு அப்பனை உரிச்சு வச்சிருக்கு, பாவம். அது கிடக்கட்டும். இன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உன் வீட்டுல ஒரு சிமெண்ட் மூட்டை பிரிக்காமக் கிடக்கு, கொத்தனார் உளியும் சுத்தியலுமா நிக்கிறாரு. என்ன வேலை? எனக்கென்ன வந்துச்சு, சும்மா கேட்டேன்.

— அப்புறம் சொல்றேன். சர்க்கரை கேக்க வந்தவங்க கையில கிண்ணமே இல்லையேக்கா.

— கவனிச்சியா? சரி, தப்பா நினைக்காதே. தினம் காலையில நான் மிக்சி போட்டா, சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ வயித்தோட பேசுவே. ‘முழிச்சிட்டீங்களா மகாராஜா, கொஞ்சம் மெதுவா உதைங்க’ன்னு. பொறந்தது என்னமோ மகாராணி.

— அதெல்லாமா கேக்கும்?

— காது இருக்கே, என்ன பண்ண. அன்னைக்கு மிக்சி போட்டேன், பேச்சே இல்ல. புருஷன்கூட சண்டை போலன்னு ஆசையாக் காதை வச்சேன். அவர் ஆபீஸ் போயாச்சு, நீ பாத்திரம் தேய்க்கிறே. மறுபடி போட்டேன். அரைக்க ஒண்ணுமில்ல, காலி மிக்சி. கருகின வாடை வர்ற வரைக்கும் ஓட்டினேன். ‘மகாராஜா’ வரவே இல்ல.

— ராத்திரியே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நீங்க வந்து குழந்தை அசையுதான்னு கேட்டதும் எரிஞ்சு விழுந்தேன்.

— ‘கடைசி மாசம், உள்ள இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்’னு எனக்குப் பாடம் எடுத்தே. நான் விடாம இழுத்துட்டு வந்தேன். ஆட்டோவுல நீ ஏறும்போது ஒரு கால்ல உன் செருப்பு, ஒரு கால்ல உன் வீட்டுக்காரர் செருப்பு.

— குறையவே கூடாதாம்க்கா. குறைஞ்சா உடனே வரணும்னு டாக்டரம்மா திட்டினாங்க. வயித்துல பெல்ட் கட்டி, குழந்தையோட இதயத் துடிப்பைக் காகிதத்துல கோடாப் பாத்தாங்க. குழந்தை அசையறப்ப துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்கணுமாம். இவளுக்கு ஏறவே இல்ல. கோடு தட்டையாவே போச்சு. அப்புறம் சரிய ஆரம்பிச்சுது. நர்ஸ் ஓடினாங்க, உடனே ஆபரேஷன்.

— தெரியும். கதவிடுக்குல பாத்தேன்.

— மத்தியானம் வரைக்கும் பாக்கலாம்னு நான் உக்காந்திருந்தா, இப்ப உங்க கையில யாரும் இல்ல.

— அழாதே. தையல் வலிக்கும். இங்க பாரு, கொட்டாவி விடுறா. என் பேச்சு இப்பவே சலிச்சிடுச்சு போல. நீ கொத்தனார் கதைக்கு வா.

— நம்ம ரெண்டு சமையலறைக்கும் நடுவுல ஒரு காத்து ஜன்னல் இருக்கில்ல. நாங்க பேசறதெல்லாம் உங்களுக்குக் கேக்குதுன்னு, போன வாரம் நான்தான் இவர்கிட்ட அதை அடைக்க ஆள் சொல்லச் சொன்னேன்.

— ஓஹோ. அடைச்சாச்சா?

— இல்லக்கா. காலையில போன் பண்ணி, இன்னும் ஒரு சாண் அகலமா வெட்டச் சொல்லிட்டேன்.