காவலன் சீட்டும் மூணு உயிரும்

...இந்த இடத்துல உங்களுக்கு ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லிட்டு அப்புறம் மேல போறேன். தம்பதியர் கூட்டத்துல சீட்டாட்டக் கதை! பாஸ்டருக்கு என்னாச்சுன்னு பாக்குறீங்க... ரம்மி இல்லய்யா, பயப்படாதீங்க. இது வேற சீட்டு. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு படம் இருக்கும், படத்துக்குக் கீழ அந்தச் சீட்டுக்கு என்ன சக்தின்னு ரெண்டு வரி இருக்கும். இதுக்கு ஊர் ஊரா போட்டி நடக்குது. எங்க அண்ணன் மக ஷைனி அதுல நடுவர்.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கங்க. அது கம்ப்யூட்டர் விளையாட்டு இல்ல. சீட்டுல எழுதியிருக்குன்னு சக்தி தானா வேலை செய்யாது. ஆடுறவன்தான் ஞாபகம் வச்சு, வாயத் தொறந்து சொல்லி, செய்யணும். மறந்தா? மறந்ததுதான், விட்டுப்போனதத் திருப்பிக் கணக்குப் பாக்க மாட்டாங்க. மறந்தவனுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து ஆட்டத்தைத் தொடரச் சொல்லுவாங்க. ஆனா ஞாபகம் இருந்தும் வேணும்னே சொல்லாம இருந்தா... வெளிய போன்னு அனுப்பிடுவாங்க.

கோயம்புத்தூர்ல ஒரு கல்யாண மண்டபம். இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவங்க உலகப் போட்டிக்கு ஜப்பானுக்குப் போலாம். ஒரு பக்கம் கவின்ராஜ், மூணு வருஷமா இறுதி ஆட்டம் வரைக்கும் வந்து வந்து தோத்தவன். பாஸ்போர்ட் எடுத்து வச்சுட்டே காத்திருக்கான். எதிர்ல ஜெரிஷா, நாகர்கோவில் பொண்ணு, காலேஜ் படிக்குது. ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துல இருபது உயிர். யாருக்கு உயிர் தீருதோ அவங்க காலி.

கவின் மேஜைல 'காவலன்'னு ஒரு சீட்டு கிடக்கு. அதுல என்ன எழுதியிருக்கு? 'உன் முறை வரும்போதெல்லாம் ஒரு சீட்டு கூடுதலா எடு. ஒரு உயிரை இழ.' கேட்டீங்களா? எடு... இழ. ஒரே வரி!

கவினுக்கு மூணு உயிர்தான் மிச்சம். ஆனா அடுத்த முறை வந்தா அவன்தான் ஜெயிக்கிறான், எல்லாருக்கும் தெரியுது. அப்போ ஜெரிஷா கைய தூக்குது. "ஜட்ஜ்!"

ஷைனி மேஜைகிட்ட வந்து நிக்கிறா.

"மேம், அண்ணா காவலனுக்கு உயிர் குறைக்கல மேம். நானும் இப்பதான் கவனிச்சேன்."

ஷைனி குறிப்புத் தாளை எடுத்துப் பாக்குறா. காவலன் வந்து நாலு முறை ஆயிருக்கு. முதல் முறை குறைச்சிருக்கான். அதுக்கப்புறம் மூணு முறை... இல்ல. மிச்சம் இருக்குறதும் மூணு உயிர். ஒழுங்கா குறைச்சிருந்தா இந்நேரம் ஆட்டமே முடிஞ்சிருக்கும்!

"கவின், மறந்துட்டீங்களா?"

"சத்தியமா மறந்துட்டேன் மேம்."

அவன் முகத்தைப் பாத்தா பொய் மாதிரியே இல்ல. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? பாவம், மறந்துட்டான், எச்சரிக்கை கொடுத்து விடுவோம்னுதானே நினைப்பீங்க? ஷைனியும் எழுதப் பேனாவ எடுத்துட்டா. எடுத்தவ நிறுத்துனா.

"நாலு முறைல எத்தனை தடவை கூடுதல் சீட்டு எடுத்தீங்க?"

"...நாலு தடவையும் மேம்."

"ஒரு தடவை கூட அத மறக்கலயா?"

அவன் அந்தச் சீட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கான். காது மடல் செவந்து போச்சு. பின்னால அவன் சிநேகிதன் ஒருத்தன் கத்துறான். "மறந்துட்டேன்னு சொல்லுடா, அவ்ளோதான!" அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தைய திரும்பச் சொன்னா ஜப்பான்!

கவின் மெதுவா பேசுறான். "ரெண்டாவது முறை நிஜமாவே மறந்தேன் மேம். அடுத்த தடவை சீட்டு எடுத்ததும் ஞாபகம் வந்துச்சு. அவங்க ஒண்ணும் கேக்கல... சரி, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அதுக்கப்புறம் நிஜமாவே மறந்து போச்சு மேம். ஒரே ஒரு செகண்டுதான்..."

ஷைனி சொன்னா, "அந்த ஒரு செகண்டப் பாக்கத்தான் கவின் நான் இங்க நிக்கிறேன்."

வெளிய அனுப்பிட்டா. அவன் எந்திரிச்சு, ஜெரிஷாவுக்குக் கை கொடுத்துட்டுப் போயிட்டான். அன்னைக்கு எனக்குப் போன் பண்ணி அழுதா என் பிள்ள. "சித்தப்பா, பொய் சொல்லியிருந்தா அவன் ஜெயிச்சிருப்பான்"னு.

அன்பானவங்களே... இந்தக் கதைய ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நம்ம வீட்டுல தினம் ஓடுற வார்த்தை எது? 'மறந்துட்டேன்'! மாமியாருக்கு மாத்திரை வாங்க மறந்துட்டேன். ஆனா கிரிக்கெட் எத்தனை மணிக்கு? மறக்கலயே! அவர் அக்கா வீட்டு விசேஷத்த மறந்துட்டேன். உங்க தங்கச்சி வீட்டு விசேஷத்த? அங்க மொத ஆளா நின்னீங்களே! சிரிக்காதீங்கம்மா, உங்களையுந்தான் சொல்றேன்.

நம்ம மறதி ஏன் எப்பவும் 'இழ'ங்குற பக்கமே சாயுது? மறதி குத்தமில்ல. ஆனா நடுவுல ஒரு செகண்ட் ஞாபகம் வருது பாருங்க... 'அவ கேக்கலயே, அப்புறம் பாப்போம்'னு தள்ளுறோம் பாருங்க... அந்தச் செகண்ட் நமக்கு மட்டுந்தான் தெரியும். வீட்டுல நடுவர் யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நம்மளாத்தான் சொல்லணும்.

உங்களுக்குச் சொல்லிட்டு நான் தப்பிச்சுப் போக முடியாது. போன மாசம் என் வீட்டுக்காரி, மத்தியானம் ஸ்கேன் எடுக்கணும், கூட வாங்கன்னு கூப்பிட்டா. சாயங்காலம் வந்து, மறந்துட்டேம்மான்னு சொன்னேன். சரி பரவாயில்லன்னுட்டா. தனியா ஆட்டோல போய், தனியா அந்த ரிப்போர்ட்ட வாங்கிட்டு வந்திருந்தா. இதோ, முன் வரிசைலதான் உக்காந்திருக்கா.

ஹெப்சி... அன்னைக்குக் காலைல பதினோரு மணிக்கு எனக்கு ஞாபகம் வந்துச்சும்மா.